எண்ணெய் எங்கே போயிற்று?



சரித்திரமும் இலக்கியமும் கற்பித்து வயது ஐம்பதைக் கடந்துவிட்ட ஒரு பாடசாலை அதிபர், ஆகாயவிமான இயந்திரத்தைப் பற்றிப் பேச முன்வருவது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கும். எனக்கும் அது வியப்பே. ஆயினும், ஓர் இயந்திரத்தில் ஊற்றிய எண்ணெய் எவ்வழியாகக் குறைகின்றது என்று கண்டுபிடிக்கும் வித்தையிலே, நோய்முதல் நாடும் வைத்தியருக்கும், குற்றம் விசாரிக்கும் நீதவானுக்கும், மாணவனின் பின்னடைவுக்குக் காரணந் தேடும் ஆசிரியருக்கும் பயன்படக்கூடிய ஒரு முறை அடங்கியிருக்கின்றது. அம்முறையை எனக்குக் கற்பித்தவர் என் பழைய மாணவர் ஒருவர். இன்று விமானங்களைப் பழுதுபார்க்கும் பொறியியலாளராக விளங்குபவர். அவர் சொல்லக் கேட்டவற்றை என் மொழியில் உங்களுக்குச் சொல்லுகின்றேன்.

முதலில் ஒரு சரித்திர நிகழ்ச்சி. அதுவே எனக்குப் பழக்கமான வாயில்.

1935ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி, நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில், அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு அண்மையிலுள்ள ரிச்மண்ட் விமானத்தளத்திலிருந்து ஒரு விமானம் நியூசிலாந்தை நோக்கிப் புறப்பட்டது. மன்னர் ஐந்தாம் ஜோர்ஜின் வெள்ளிவிழாவை முன்னிட்டுச் சேர்க்கப்பட்ட விசேட தபாற்பொதிகளை அது சுமந்து சென்றது. விமானத்தின் பெயர் சதேர்ன் குறோஸ். தமிழிற் கூறுவதானால் தென்சிலுவை. 1928ஆம் ஆண்டிலே பசிபிக் மாகடலை அமெரிக்காவிலிருந்து அவுஸ்திரேலியா வரை முதன்முதலாகக் கடந்து புகழ்பெற்ற விமானம் அதுவே. அன்று அதைச் செலுத்திய சேர் சாள்ஸ் கிங்ஸ்போர்ட் சிமித் இப்பயணத்திலும் தலைமை விமானியாயிருந்தார். அவருடன் பி. ஜி. டெய்லர் என்னும் விமானியும், ஜோன் ஸ்ரனேஜ் என்னும் கம்பியில்லாத் தந்தி இயக்குநரும் சென்றனர்.

விமானத்துக்கு மூன்று இயந்திரங்கள். ஒன்று மூக்கில், மற்றை இரண்டும் இரு சிறகுகளின் கீழும் உலோகத் தண்டுகளால் தாங்கப்பட்டுத் தொங்கின. கடலின் நடுவே, மூக்கிலிருந்த இயந்திரத்தின் புகைக்குழாயில் ஒரு துண்டு உடைந்து பறந்து, வலப்புற இயந்திரத்தின் சுழல்விசிறியைத் தாக்கி முறித்தது. முறிந்த விசிறியோடு அவ்வியந்திரம் ஓடினால் அதிர்ச்சியே விமானத்தைக் குலைத்துவிடும். ஆகவே அதை நிறுத்திவிட்டு, வந்த வழியே திரும்பினார்கள். இரண்டு இயந்திரங்களால் அப்பாரத்தைத் தாங்குவது பெரும்பாடு. எரிபொருளிற் பெரும்பகுதியைக் கடலிற் கொட்டினர். சாமான்களை எறிந்தனர். ஈற்றில் தபாற்பொதிகளையும் எறிய நேர்ந்தது.

அப்பொழுதுதான் அடுத்த ஆபத்துத் தோன்றிற்று. அளவுக்கு மீறிய விசையோடு ஓடிய இடப்புற இயந்திரம் தன் எண்ணெயை எரித்துத் தீர்க்கத் தொடங்கியது. எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அம்முள் பூச்சியத்தைத் தொட்டால் இயந்திரம் இறுகிவிடும். பின்னர் கடலைத் தவிர வேறு கதியில்லை.

நின்றுபோன வலப்புற இயந்திரத்தின் தாங்கியிலோ எண்ணெய் நிறைய இருந்தது. எடுப்பவர் யார்? டெய்லர் தம் ஆசனத்தை விட்டெழுந்து, பக்கவாட்டாக வெளியேறி, வீசும் காற்றின் நடுவே ஒற்றைத் தண்டின்மேற் கால்வைத்து நகர்ந்து, வலப்புற இயந்திரத்தை அடைந்தார். தாங்கியின் அடைப்பைத் திறந்து, தேர்மொஸ் போத்தலின் உறையில் எண்ணெயை ஏந்தி, ஸ்ரனேஜின் கையிற் கொடுத்தார். பாதி காற்றோடு போயிற்று. மீதியை ஒரு கைப்பெட்டியிற் சேர்த்தார்கள். பின்னர் அவர் மறுபக்கத்தால் வெளியேறி, இடப்புற இயந்திரத்தின் தாங்கியில் அதை ஊற்றினார். ஓடும் விசிறியின் காற்று அவரைத் தள்ளிவிடாதிருக்க, அவர் ஊற்றும் நேரத்துக்கு அந்த இயந்திரத்தின் விசையைக் குறைக்க வேண்டியிருந்தது. குறைத்தால் விமானம் கடலை நோக்கித் தாழும். ஊற்றி முடிந்ததும் முள் மீண்டும் எழுந்தது. இவ்வாறு ஒருமுறையல்ல, ஆறுமுறை சென்றார். அன்று பிற்பகல் விமானம் சிட்னியின் மாஸ்கொட் தளத்திற் பத்திரமாக இறங்கியது. அத்தீரத்துக்காக 1937ஆம் ஆண்டில் டெய்லருக்கு வழங்கப்பட்ட பதக்கம், பிற்காலத்தில் ஜோர்ஜ் சிலுவை விருதாக மாற்றியளிக்கப்பட்டது.

நேயர்களே, இச்சரித்திரத்தை நான் வகுப்பிற் பலமுறை சொல்லியிருக்கின்றேன். வீரத்துக்கு உதாரணமாகவே சொல்லிவந்தேன். ஒருநாள் என்னைப் பார்க்க வந்த அந்தப் பழைய மாணவர் சிரித்துக்கொண்டு, “ஐயா, டெய்லரின் துணிவைச் சொன்னீர்கள், அவருடைய கணக்கைச் சொல்லவில்லையே” என்றார். எண்ணெய் குறைகின்றது என்பதையும், அது எந்த இயந்திரத்திற் குறைகின்றது என்பதையும், குறைந்ததை ஈடுசெய்தால் இயந்திரம் தாங்கும் என்பதையும் அறிந்த பின்னரே அவர் வெளியே காலெடுத்து வைத்தார். ஆராய்ந்தறிந்த பின்பு பிறந்த துணிவு அது.

இனி, அந்த எண்ணெய் இயந்திரத்திலே என்ன வேலை செய்கின்றது என்று பார்ப்போம். உலோகம் உலோகத்தோடு உராயாமற் காப்பது அதன் முதல் வேலை என்பதை யாவரும் அறிவர். வேறு வேலைகளும் உண்டு. சூட்டை உறிஞ்சி வெளியே கொண்டுபோகின்றது. கரியையும் அழுக்கையும் தன்னோடு கழுவிச் செல்கின்றது. உருளையின் சுவருக்கும், பிஸ்டன் எனப்படும் ஆடுதண்டின் வளையங்களுக்கும் இடையே மெல்லிய படலமாய் நின்று, வாயு கசியாமல் அடைக்கின்றது. இயந்திரம் ஓடாத நாட்களில் உட்பாகங்களைத் துரு பிடிக்காமற் காக்கின்றது. சில விமானங்களில் சுழல்விசிறியின் அலகுகளைத் திருப்பிச் சாய்வை மாற்றுவதும் இந்த எண்ணெயின் அமுக்கமே.

இன்று உலகெங்கும் பயிற்சிக்கும் சிறு பயணங்களுக்கும் பயன்படும் சிறிய விமானங்களிற் பெரும்பாலானவற்றில், இருபுறமும் இரண்டிரண்டாகப் படுத்திருக்கும் நான்கு உருளைகள் கொண்ட இயந்திரம் இருக்கும். அதைக் குளிர்விப்பது தண்ணீரன்று, எதிர்க்காற்று. காற்றாற் குளிரும் இயந்திரத்தில் வெப்பம் ஏறியிறங்கும் எல்லை பெரிது. உலோகம் விரிவதற்கும் சுருங்குவதற்கும் இடம்விட வேண்டியிருப்பதால், பிஸ்டனுக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளி நம் மோட்டார் வண்டியில் உள்ளதைவிட அதிகம். ஆகவே விமான இயந்திரம் சிறிது எண்ணெய் எரிப்பது குற்றமன்று, அதன் சுபாவம். 160 குதிரைவலு கொண்ட ஓர் இயந்திரம் மணிக்கு ஏறக்குறைய அரை லீற்றர் வரை எண்ணெய் கொள்ளலாம் என்பது ஒரு பிரசித்திபெற்ற உற்பத்தியாளர் வகுத்த உச்ச வரம்பு. நல்ல நிலையிலுள்ள இயந்திரம் இதனினும் மிகக் குறைவாகவே கொள்ளும். அவ்வியந்திரத்தின் அடித்தொட்டி கொள்ளும் முழு அளவோ ஏழரை லீற்றர் மாத்திரம். வரம்பின் எல்லையில் நிற்கும் இயந்திரத்தோடு நான்கு மணிநேரம் பறப்பவர் இரண்டு லீற்றரை இழந்துவிடுவார். கசிவும் அதனோடு சேர்ந்தால் என்னாகும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு பழைய மோட்டார் வண்டி உண்டு. ஒருமுறை சில மாதங்கள் அதை ஓட்டாமற் கொட்டிலில் நிறுத்திவைத்திருந்தேன். மீண்டும் ஓட்டத் தொடங்கியபோது, நிறுத்துமிடமெல்லாம் எண்ணெய் சொட்டிற்று. ஒரு கராஜிற்குக் கொண்டுசென்றேன். வண்டியின் வயதைக் கேட்டார்கள். உடனே வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று தீர்ப்புச் சொன்னார்கள். இயந்திரத்தைக் கழற்றி, வளையங்களை மாற்றினார்கள். மூன்று மாதச் சம்பளம் அதிற் கரைந்தது. வண்டி வீடு வந்து சேர்ந்தது. அன்றிரவே கொட்டில் நிலத்தில் முன்போலவே எண்ணெய்.

அச்சமயத்திலேதான் மாணவர் வந்தார். வண்டியைப் பார்க்குமுன் என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: “ஐயா, இது எப்போது தொடங்கியது?” நிறுத்திவைத்த பின்னர்தான் என்றேன். “ஓடாத வண்டியில் வளையம் எப்படி ஐயா திடீரெனத் தேயும்?” என்றார். கீழே குனிந்து, இயந்திரத்திலிருந்து இறங்கும் ஒரு சிறு குழாயைத் தேடிப் பிடித்து, முற்றத்து விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி அதனுள் விட்டார். காய்ந்த மண்கட்டி உதிர்ந்து விழுந்தது. குளவி கூடு கட்டியிருந்தது.

அந்தக் குழாய்க்குச் சுவாசக்குழாய் என்று பெயர். வளையங்களைக் கடந்து எப்பொழுதும் சிறிது வாயு கீழே இறங்கும். அது வெளியேறும் வழி அக்குழாயே. வழி அடைபட்டால் உள்ளே அமுக்கம் ஏறும். ஏறிய அமுக்கம், ஒயில் சீல் எனத் திருத்துநர் கூறும் அடைப்பு வளையங்களின் ஊடாக எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். எண்ணெய் வெளிப்பட்ட இடம் ஒன்று. குற்றம் இருந்த இடம் வேறொன்று. இதைக் கூறிவிட்டு மாணவர், “விமானத்தில் இதே குற்றம் உயிரைக் கேட்கும்” என்றார்.

உறைபனி நாடுகளில் இவ்வாறு நிகழ்வதுண்டு. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி சுவாசக்குழாயின் வழியே வெளியேறும். கடுங்குளிரில் அக்குழாயின் வெளிமுனையில் அது உறைந்து பனிக்கட்டியாகி வாயை மூடிவிடும். உள்ளே அமுக்கம் மிகும். சுழல்விசிறியின் பின்னால், இயந்திரத்தின் முன்முனையிலுள்ள பெரிய அடைப்பு வளையம் பெயர்ந்து வெளியே தள்ளப்படும். சொற்ப நேரத்தில் எண்ணெய் முழுவதும் விமானத்தின் முகத்திலும் முன் கண்ணாடியிலும் வழிந்துவிடும். இதற்குப் பரிகாரமாகவே, இயந்திர மூடியின் உள்ளே வெப்பமான இடத்தில், அக்குழாயின் பக்கத்தில் ஒரு சிறு துவாரம் வைக்கின்றார்கள். முனை உறைந்தாலும் அத்துவாரம் மூச்சுவிடும். பழைய வளையம் பெயர்ந்ததென்று புதிய வளையத்தை மாத்திரம் பூட்டி அனுப்புபவர், நோயை விட்டுவிட்டுப் புண்ணுக்கு மருந்து கட்டியவராவார்.

இனி, விமானத்தில் எண்ணெய் மிதமிஞ்சிக் குறைகின்றது என்ற முறைப்பாடு வந்தால், தேர்ந்த திருத்துநர் எவ்வொழுங்கில் ஆராய்கின்றார் என்பதைச் சொல்லுகின்றேன்.

முதலாவது கேள்வி: உண்மையாகவே குறைகின்றதா? இது விளையாட்டுக் கேள்வியன்று. எண்ணெயின் மட்டத்தை ஒரு கோலினால் அளக்கின்றார்கள். விமானம் சரிவான நிலத்தில் நின்றால் கோல் பொய் சொல்லும். இயந்திரம் நின்றவுடன் அளந்தால், மேற்பாகங்களிற் பரவியுள்ள எண்ணெய் இன்னும் அடித்தொட்டிக்கு இறங்கியிராது. மறுநாட்காலை அளந்தால் மட்டம் கூடியிருக்கும். ஆகவே ஒரே இடத்தில், ஒரேவிதமாக, நின்ற பின் ஒரே அளவு நேரங்கழித்து அளக்க வேண்டும். ஊற்றிய அளவையும் பறந்த மணிகளையும் கொப்பியில் எழுத வேண்டும். எழுதாதவரின் ஞாபகம் பயத்துக்கேற்பப் பெருக்கியும் சோம்பலுக்கேற்பச் சுருக்கியும் கணக்குச் சொல்லும்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. சில இயந்திரங்களில் தொட்டியை விளிம்புவரை நிரப்பினால், சுழலும் தண்டுகள் மேல்மட்ட எண்ணெயை அடித்துத் துளிகளாக்கிச் சுவாசக்குழாயின் வழியே வெளியே வீசிவிடும். மட்டம் சிறிது தாழ்ந்ததும் வீசுவது நின்றுவிடும். உரிமையாளரோ குறைந்துவிட்டதே என்று கவலைப்பட்டு மீண்டும் விளிம்புவரை ஊற்றுவார். இயந்திரம் மீண்டும் வீசும். இவ்வாறு ஊற்றி ஊற்றி, தம் இயந்திரம் எண்ணெய் குடிக்கின்றதென்று பழிசொல்வார். சிறிது குறைவாக நிரப்பி, எம்மட்டத்தில் அது நிலைகொள்கின்றது என்று சில பயணங்களிற் கவனித்தால் அந்நோய் மருந்தின்றித் தீரும். தயாரித்தவர் விதித்த ஆகக்குறைந்த மட்டத்துக்குக் கீழே மாத்திரம் எக்காரணங்கொண்டும் செல்லலாகாது.

இரண்டாவது கேள்வி: குறைந்த எண்ணெய் வெளியே போகின்றதா, உள்ளே எரிகின்றதா? போவதற்கு வழிகள் இவ்விரண்டுதான். இதை அறியுமுன் ஆயுதத்தை எடுத்து இயந்திரத்தைக் கழற்றுவது தகாது.

வெளியே போகும் எண்ணெய் தடயம் விடும். எனினும் அத்தடயம் ஏமாற்றவும் வல்லது. விமானம் விரைந்து செல்லும்போது காற்று ஒரு தேக்கரண்டி எண்ணெயை அடிவயிறு முழுவதும் பூசிவிடும். பார்ப்பவர் ஒரு போத்தல் ஒழுகிற்றென்று அஞ்சுவார். முன்னே பிறந்த கசிவு பின்னே தெரியும். மேலே பிறந்தது கீழே சொட்டும். ஆதலால் முதலில் இயந்திரம் முழுவதையும் நன்றாகக் கழுவித் துடைத்து உலரவிட வேண்டும். பழைய அழுக்கின்மேற் புதிய சாட்சியைக் காணவியலாது. பின்னர் சில நிமிடங்கள் மாத்திரம் ஓட்டி நிறுத்தி, விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சிறிய கசிவாயின், சந்தேகமான இடங்களில் வெண்ணிறப் பவுடரை மெல்லத் தூவிவிட்டு ஓட்டுவார்கள்; ஈரம் ஊறிய கோடு பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஊதா கடந்த ஒளியில் மினுங்கும் சாயத்தை எண்ணெயிற் கலந்து தேடும் முறையும் உண்டு.

தேட வேண்டிய இடங்கள் பல. உருளைத் தலைகளின் மூடிகள், தள்ளுதண்டுகள் செல்லும் குழாய்களின் முனைகள், விசிறிக்குப் பின்னுள்ள முன் அடைப்பு, வடிகட்டி பூட்டிய இடம், வடிகால் அடைப்பு, எண்ணெயைக் குளிர்விக்கும் கருவிக்குச் செல்லும் வளையுங் குழாய்கள் ஆகியன முக்கியமானவை. இவற்றுள் மூடியிற் கசிவது தொல்லை. வளையுங் குழாய் வெடிப்பது ஆபத்து. முன்னதைக் காத்திருந்து திருத்தலாம். பின்னது சில நிமிடங்களில் தொட்டியை வறிதாக்கிவிடும். ஆகவே அக்குழாய்கள் கசியாதிருக்கும் காலத்திலேயே வயதை எண்ணி மாற்றப்பட வேண்டியவை.

வெளிப்புறம் உலர்ந்திருக்க, எண்ணெய் மாத்திரம் குறைந்துகொண்டே போனால், அது உள்ளே எரிகின்றது என்று கொள்ளலாம். புகைபோக்கியில் நீலப்புகை தோன்றும். ஒவ்வோர் உருளையிலும் தீப்பொறி தரும் பிளக்குகள் இரண்டு உண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே. படுத்திருக்கும் உருளையாதலால் கீழ்ப் பிளக்கிற் சிறிது எண்ணெய் தேங்குவது இயல்பு. மேற்பிளக்கும் நனைந்திருந்தால் அவ்வுருளை குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றது என்று பொருள். நான்கில் மூன்று உலர்ந்து ஒன்று மாத்திரம் நனைந்திருந்தால், நான்கையும் கழற்றும் செலவு அங்கேயே மிச்சமாகின்றது.

அடுத்து அமுக்கச் சோதனை. பிஸ்டனை மேலெல்லையில் நிறுத்தி, பிளக்கின் துவாரத்தினூடாகச் சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அமுக்கமுள்ள காற்றைச் செலுத்துவார்கள். உருளை அதில் எவ்வளவைத் தாங்கி வைத்திருக்கின்றது என்பதை இரண்டாவது அளவுமானி காட்டும். 70க்கு மேல் நின்றால் மகிழ்வர். 60க்குக் கீழ் இறங்கினால் விசாரிப்பர். சில தயாரிப்பாளர் வேறு எல்லைகளையும் வகுத்துள்ளனர். இச்சோதனையின்போது சுழல்விசிறியை ஒருவர் உறுதியாகப் பிடித்திருத்தல் வேண்டும். காற்றின் விசையால் அது திடீரெனச் சுழன்று ஆளை வெட்டிவிடக்கூடும்.

எண் சொல்வதைவிடக் காது சொல்வது அதிகம். கசியும் காற்று இரைந்துகொண்டு போகும். புகைக்குழாயில் இரைச்சல் கேட்டால் வெளியேற்றும் வால்வு. காற்று உட்புகும் வழியிற் கேட்டால் உள்ளேற்றும் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயிலோ சுவாசக்குழாயிலோ கேட்டால் வளையங்கள். வைத்தியர் நெஞ்சிற் குழலை வைத்துக் கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

ஆயினும் ஒரு நுட்பம் இங்கே உண்டு. அமுக்கத்தைத் தாங்குவன பிஸ்டனின் மேல்வளையங்கள். சுவரிலுள்ள எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புவது கீழுள்ள எண்ணெய் வளையம். அது கரியில் ஒட்டிச் செயலற்றுப் போனாலும் மேல்வளையங்கள் நன்றாயிருந்தால் சோதனையில் உருளை நல்ல எண் காட்டும்; எண்ணெயோ எரிந்துகொண்டேயிருக்கும். வால்வின் தண்டு ஆடும் வழிகாட்டி தேய்ந்திருந்தாலும் அவ்வழியே எண்ணெய் உள்ளிறங்கலாம். ஆகவே ஒரு சோதனையிற் சித்தியடைந்ததைக் கொண்டு குற்றமில்லை என்று விடுதலை செய்வதும், ஒன்றிற் தவறியதைக் கொண்டு தண்டிப்பதும் பிழை. பிளக்கின் துவாரத்தினூடாகச் சிறு கமராவை உள்ளே செலுத்தி உருளையின் சுவரைக் கண்ணாற் பார்க்கும் வசதி இன்று உண்டு. கீறலும் துருவும் எண்ணெய் தேங்கிய அடையாளமும் அதிற் தெரியும்.

புதிய உருளை பூட்டிய இயந்திரத்தின் கதை வேறு. வளையமும் சுவரும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தும் வரை அது எண்ணெயை அதிகமாகவே எரிக்கும். இக்காலத்தில் விமானிகள் புதிய இயந்திரத்துக்கு நோகுமே என்று இரங்கி மெதுவாக ஓட்டினால், அந்த இரக்கமே கேடாய் முடியும். போதிய அமுக்கமின்றி வளையம் சுவரை நன்றாக அழுத்தாது. சுவரில் எண்ணெய் சூடேறிக் கண்ணாடி போன்ற பூச்சாக உறைந்துவிடும். அதன்பின் வளையம் என்றும் பொருந்தாது. உருளையைக் கழற்றி மீண்டும் சுரண்டவேண்டியதுதான். ஆதலால் தொடக்கத்திற் போதிய விசையோடு ஓட்டி, எண்ணெய்ச் செலவு குறைந்து நிலைபெறும் வரை பொறுத்திருக்க வேண்டுமென்பது விதி. பிள்ளை வளர்ப்பவர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அதை விரித்துரைக்க நேரம் போதாது.

குறைவு படிப்படியாக வந்ததா, திடீரென வந்ததா என்பதும் பெரிய வேறுபாடு. பல நூறு மணிகளில் மெல்ல மெல்ல உயர்ந்தால் அது முதுமை, கவனித்துக்கொண்டு ஓட்டலாம். நேற்றுவரை சீராயிருந்து இன்று இருமடங்கானால் ஏதோ உடைந்திருக்கின்றது. உடைந்த வளையமாகவும் இருக்கலாம். அப்பொழுது எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, வெட்டித் திறந்து, மடிப்புக் கடதாசியை விரித்துப் பார்ப்பார்கள். உலோகத் துகள் மினுங்கினால் காந்தத்தை அண்மையிற் கொண்டுசெல்வார்கள். ஒட்டினால் உருக்கு, ஒட்டாவிட்டால் அலுமினியம் போன்ற வேறு உலோகம். எவ்வுறுப்புத் தேய்கின்றது என்பதற்கு அது முதற்சாட்சி. துகள் கண்ட விமானம் அன்று பறக்காது.

ஆகாயத்திலேயே குறைவு தெரிந்தால் விமானி செய்ய வேண்டியது என்ன? அமுக்கம் இறங்க, வெப்பம் ஏறினால், இரண்டு சாட்சிகள் ஒத்துச் சொல்லுகின்றன. இயந்திரம் நிற்கப்போகின்றதென்று கொண்டு, இறங்கத்தக்க நிலத்தை உடனே தேட வேண்டும். அமுக்கம் மாத்திரம் இறங்கி வெப்பம் மாறாதிருந்தால் மானியே பழுதாயிருக்கலாம். அப்போதும் அண்மையிலுள்ள தளத்துக்குச் செல்வதே புத்தி. மானி பொய்யென்பதை நிலத்தில் நின்றுகொண்டு நிரூபிக்கலாம்.

என் மாணவர் வற்புறுத்திய ஒன்றையும் கூறி முடிக்கின்றேன். “ஐயா, காரணம் அறியாமல் உருளையைக் கழற்றுவது வீண்செலவு மாத்திரமன்று, ஆபத்து. நன்றாயிருந்த உருளையைக் கழற்றித் திரும்பப் பூட்டும்போது ஆணிகளைச் சரியான இறுக்கத்திற் பூட்டத் தவறினால், ஆகாயத்தில் அவ்வுருளையே பெயர்ந்துவிடக்கூடும். இல்லாத நோய்க்குச் செய்த சிகிச்சையால் இறந்த விமானங்களும் உண்டு” என்றார். மூன்று மாதச் சம்பளத்தோடு தப்பிய என் பழைய வண்டியை நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை இன்னொன்றையும் நினைத்துக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் திடீரெனக் கணக்கிற் பின்தங்கினான். சோம்பல் என்று நானே தீர்ப்பளித்தேன், தண்டித்துமிருக்கின்றேன். மூன்றாந் தவணையிலேதான் அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பது தெரியவந்தது. கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள், கணக்கு வந்துவிட்டது. “இது எப்போது தொடங்கியது?” என்ற கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால், அப்பிள்ளை இரண்டு தவணைகளை அழுதுகொண்டு கழித்திருக்க மாட்டான். ஆசிரியனாயிருந்த நான் அதை அறியாதிருந்தேன். என் மாணவர் ஓர் ஈர்க்கைக் கையிற் பிடித்துக்கொண்டு அதை எனக்குக் கற்பித்தார்.

ஆகவே நேயர்களே, உங்கள் மோட்டார் வண்டியிலோ தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்திலோ எண்ணெய் குறைந்தால், எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். அளந்து எழுதுங்கள். துடைத்துவிட்டுப் பாருங்கள். மூச்சுவிடும் வழி திறந்திருக்கின்றதா என்று பாருங்கள். இவை யாவும் செய்த பின்பும் விடை கிடைக்காவிட்டாற் கழற்றுங்கள். நடுக்கடலின் மேல், ஒற்றைத் தண்டிற் கால்வைத்து, தேர்மொஸ் உறையில் எண்ணெய் ஏந்திச் செல்லும் நிலை நமக்கெல்லாம் வரப்போவதில்லை. வந்தவர் அதை ஆறுமுறை செய்து மீண்டார்; எந்தப் பக்கம் செல்ல வேண்டும் என்பதை அவர் முதலிலேயே அறிந்திருந்தார்.